டாவி யாவாவின் தென்னைக்கு நேரே

கோட்லீப் அட்ஸு பள்ளி ஆய்வாளர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகியிருந்தது. அவருடைய குரலுக்கு மட்டும் யாரும் ஓய்வுக் கடிதம் கொடுக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் உப்பு கேட்டால்கூட ஆண்டு விழாவைத் தொடங்கி வைப்பது போல இருக்கும். ஹோ நகரத்துக்குப் போகிற சாலையில், மலையடிவாரத்திலிருந்த அந்த ஊர் அவரை நன்றாகவே மதித்தது. மதித்துவிட்டால் சீக்கிரம் முடித்துக்கொள்வார் என்பது ஊரின் கணக்கு. ஆறு வருடமாகக் கணக்கு தப்பிக்கொண்டிருந்தது.

அந்தச் சனிக்கிழமை பகல் இரண்டு மணிக்கு அவர் முற்றத்தில் நின்று டிஷ்ஷை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். முந்தின நாள் அடித்த புயல்காற்று, சமையல் கொட்டகை ஓரத்துக் கம்பத்திலிருந்த டிஷ்ஷைத் திருகி, கள்ளுக் குடித்தவன் தலை மாதிரித் தொங்கவிட்டுப் போயிருந்தது. உள்ளே டிவியில் 'சிக்னல் இல்லை' என்ற எழுத்து மட்டும் மூலைக்கு மூலை நகர்ந்துகொண்டிருந்தது. அதற்கு எதிரே அவர் மனைவி அஃபிவா உட்கார்ந்திருந்தாள். ஈஸ்டருக்குக் கட்டுகிற நீலத் துணியைக் கட்டியிருந்தாள். தலைமுடியை அன்று காலைதான் புதிதாகப் பின்னியிருந்தாள். வெற்றுத் திரையைப் பார்ப்பதற்கு யாரும் அப்படி உடுத்துவதில்லை.

நாலு மணிக்கு அவர்களுடைய எவே மொழி நிகழ்ச்சியில் அவள் வரப்போகிறாள். ஒரே தடவைதான் காட்டுவார்கள். மறுபடி போடும் வழக்கமில்லை.

அவள் அவரோடு பேசி அன்றோடு பத்தொன்பது நாள்.

பத்தொன்பது நாளைக்கு முன் அக்ராவிலிருந்து ஒரு பெண் காமிராக்காரனோடு வந்திறங்கினாள். மரவள்ளிக் கிழங்கைத் துருவி, மூட்டையில் பிழிந்து, சட்டியில் வறுத்தெடுக்கும் காரி மாவுக்கு அந்த வட்டாரத்தில் அஃபிவாவின் கையை மிஞ்ச ஆளில்லை. சட்டிக்கு முன்னால் அவளை உட்காரவைத்து, "பதம் வந்துடுச்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள் அந்தப் பெண். அஃபிவா வாயைத் திறந்தாள். அந்த நொடியில், கோடை வெயிலில் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு பக்கத்தில் தயாராக நின்றிருந்த கோட்லீப் அட்ஸு ஓர் அடி முன்னால் வந்தார்.

"அதாவது, என் மனைவி சொல்ல முயற்சிப்பது என்னவென்றால்..."

பதினொரு நிமிடம் பேசினார். மரவள்ளி கப்பலேறி வந்த வரலாறு, மண்ணின் ஈரப்பதம், வளரும் நாடுகளின் கடமை. நடுவில், வரைபடம் இருந்தால் இன்னும் தெளிவாகும் என்று வீட்டுக்குள் போய் அதைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தார். வந்தபோது காமிராக்காரன் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தான்.

அன்று சாயங்காலம் அஃபிவா முற்றத்து வெள்ளாட்டைக் கூப்பிட்டாள். "ஏ ஆடே, முப்பத்தோரு வருஷமா நான் சொல்ல முயற்சிதான் பண்ணிட்டிருக்கேனாம். இனி அந்த முயற்சியும் வேணாம்னு பெரியவர்கிட்ட சொல்லிடு. சூப்பு மேசையில இருக்கு."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் எல்லாம் ஆடு மூலமாகத்தான் நடந்தது. முதல் நாலு நாள் கோட்லீப் அட்ஸு தன் தகுதிக்கு இது இழுக்கு என்று இருந்தார். ஐந்தாம் நாள் துண்டு கிடைக்காமல் குளியலறை வாசலில் நின்றுகொண்டு, அவரும் ஆட்டிடம் விண்ணப்பித்தார்.

இப்போது டிஷ் வேலை செய்யாவிட்டால் அவள் தன்னைப் பார்க்க முடியாது. வேலை செய்தால், அவளுக்குப் பதில் திரை முழுக்க அவரே கோட்டும் குரலுமாய் நின்று பதினொரு நிமிடம் பேசுவதை அவள் மறுபடி உட்கார்ந்து பார்க்கவேண்டியிருக்கும். ராத்திரியெல்லாம் இதை யோசித்து அவருக்குத் தூக்கமில்லை. செய்த குற்றத்தைத் தானே ஒளிபரப்பிக்கொள்ள ஒரு மனிதன் பாடுபட வேண்டியிருக்கிறது. ஆனால் அந்த நீலத் துணியைப் பார்த்தபிறகு சும்மா நிற்க முடியவில்லை. கொட்டகையிலிருந்து உரலை உருட்டி வந்து, கவிழ்த்துப்போட்டு, மேலே ஏறினார்.

வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டு டாவி யாவா, துக்கத்துக்குரிய கறுப்பும் சிவப்புமாகக் கட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தாள். அன்று ஊரே ஓர் இழவுக்குப் போயிருந்தது. வயிறு சரியில்லை என்று கோட்லீப் அட்ஸு சொல்லி அனுப்பியிருந்தார்.

"என்ன வாத்தியாரே, வயித்து வலிக்கு உரல்மேல ஏறச் சொன்னாங்களா?"

"டாவி யாவா, இது விஞ்ஞானப் பணி."

"செனியோவைக் கூப்பிட வேண்டியதுதானே? டிஷ் வெச்சவன் அவன்தானே?"

"அவன் சவப்பெட்டி தூக்கற வரிசையில நிக்கறான்."

"அப்ப விழுந்துடாதீங்க. தூக்கறதுக்கு இன்னிக்கு வேற ஆளில்லை" என்று சொல்லிவிட்டு, அந்த நகைச்சுவையைத் தானே ரசித்துக்கொண்டு போனாள்.

தெரு காலியானது. கோட்லீப் அட்ஸு சட்டைப்பையிலிருந்து திசைகாட்டியை எடுத்தார். ஆய்வாளராவதற்கு முன் முப்பது வருடம் பூகோளம் சொல்லிக்கொடுத்த திசைகாட்டி. அதைக் கம்பத்தோடு சேர்த்துப் பிடித்தார். இரும்புக் கம்பத்துக்கு அருகே எந்தத் திசைகாட்டியும் கம்பத்தைத்தான் காட்டும் என்பதை ஏழாம் வகுப்புக்கு அவரே வருடந்தோறும் சொல்லியிருக்கிறார். முள் கம்பத்தைக் காட்டியது. கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். தகரக் கூரையைக் காட்டியது. திசைகாட்டி பழுதாகிவிட்டது என்று முடிவு செய்து பைக்குள் போட்டுக்கொண்டார்.

எட்டிப் பார்த்ததில் சபையின் போதகர் வீட்டுக் கூரையில் பெரிய டிஷ் ஒன்று தெரிந்தது. கிட்டத்தட்ட உச்சி வானத்தை, சற்றே மேற்காக, ஜெபிப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தது. கோட்லீப் அட்ஸு சபையின் மூப்பர். ஒரு போதகரின் டிஷ் தவறான திசையைப் பார்க்கும் என்று நினைக்க அவரால் முடியாது. 'அந்தச் செனியோ பயல் முதலிலிருந்தே தப்பாகத்தான் வைத்திருக்கிறான்' என்று சொல்லிக்கொண்டு, தன் டிஷ்ஷையும் அதே பார்வைக்குத் திருப்பினார்.

ஆனால் டிஷ்ஷைத் திருப்ப ஓர் ஆள் போதாது. ஒருவர் வெளியே திருப்பவேண்டும், ஒருவர் உள்ளே திரையைப் பார்த்துச் சொல்லவேண்டும். டிவியோ ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, பூட்டு வைத்த அலமாரிக்குள் இருந்தது. அவர்தான் அப்படி வைத்தார், வழிப்போக்கர்கள் ஓசியில் பார்க்கக்கூடாதென்று.

தொண்டையைச் செருமினார்.

"ஆடே! திரையில் இரண்டு கோடு இருக்கும். மேல் கோடு பலம், கீழ்க் கோடு தரம். மேல் கோட்டை நம்பவேண்டாம், அது வெறும் சத்தம். கீழ்க் கோடு ஏறுகிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்ல யாராவது முன்வந்தால், இவ்வீடு கடமைப்பட்டிருக்கும்."

ஆடு மரவள்ளித் தோலை மென்றுகொண்டிருந்தது.  உள்ளே நாற்காலி நகர்ந்தது. சமையலறையில் எதையோ எடுக்கும் ஓசை. அப்புறம் கூடத்திலிருந்து, எனாமல் தாம்பாளத்தில் கரண்டியால் ஒரே ஒரு அடி.

டொங்.

'இருக்கிறேன்' என்று அர்த்தம்.

அவர் மயிரிழையளவு திருப்பினார். டொங். இன்னும் கொஞ்சம். டொங், டொங். கோடு ஏற ஏறத் தாம்பாளம் வேகம் பிடித்தது, இறங்கினால் சோர்ந்தது. தாண்டிப் போய்விட்டால் கோபமாக ஓர் அடி விழுந்தது. பத்தொன்பது நாளில் அவளிடமிருந்து நேராக அவருக்கென்று வந்த முதல் செய்தி அது. வேண்டுமென்றே ஒருமுறை தாண்டினார், அந்தக் கோப அடியைக் கேட்க. முப்பத்தோரு வருடத்தில் அவள் சொன்னதை இவ்வளவு கூர்ந்து அவர் கேட்டதில்லை.

கடைசியில் தாம்பாளம் கல்யாண மேளம்போல் பொரிந்து தள்ளியது. "வந்துவிட்டது!" என்று கூவினார் கோட்லீப் அட்ஸு. "பெட்டியில் சேனல்களைத் தேடச் சொல், ஆடே! பச்சைப் பொத்தான்!"

பெட்டி தேடிக்கொண்டிருக்கும். அவர் வெற்றி பெற்ற தளபதிபோல டிஷ்ஷைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளேயிருந்து ஓர் ஆண்குரல் படபடவென்று எதையோ பேசியது. யாரோ கைதட்டினார்கள். பிறகு தாம்பாளம் ஒருமுறை ஒலித்தது. மறுபடி இருமுறை. என்ன அர்த்தம்? மூன்று முறை. அவருக்குப் புரியவில்லை.

"ஏறுதா, இறங்குதா?"

டொங். டொங்டொங். டொங்.

"ஆடே, தெளிவாச் சொல்லச் சொல்லு!"

தாம்பாளத்தால் கூட்டலாம், குறைக்கலாம். திரையில் என்ன ஓடுகிறது என்று தாம்பாளத்தால் சொல்ல முடியாது. கரண்டி தரையில் விழுந்த சத்தம் கேட்டது. அடுத்த நொடி கண்ணாடிப் பட்டை ஜன்னல் படாரென்று திறந்தது.

"பிரெஞ்சு!" என்று கத்தினாள் அஃபிவா. "எல்லாம் பிரெஞ்சு! ஒருத்தன் சைக்கிள் ஓட்டறான், இன்னொருத்தன் வெங்காயம் வதக்கறான்! எந்தச் சேனலைத் தட்டினாலும் பிரெஞ்சு!"

இரண்டு பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். அவள் ஜன்னலில், அவர் உரலில்.

"எங்கிட்டயா சொன்னே?" என்று கேட்டார் அவர். குரல் ஆய்வாளருடையதாக இல்லை.

"பின்ன, ஆட்டுக்குப் பிரெஞ்சு தெரியுமா? யாய்ரா அப்பா, எந்த மடையன் டிஷ்ஷைப் பாத்து வெச்சீங்க?"

அவர்களுடைய மகள் யாய்ரா அக்ராவில் நர்ஸாக இருந்தாள். பிறந்த நாளிலிருந்து அவள் பெயரால்தான் அஃபிவா அவரைக் கூப்பிட்டு வந்தாள். அந்தப் பெயர் காதில் விழுந்து பத்தொன்பது நாளாகிவிட்டது.

"போதகரோடதை" என்றார் மெதுவாக.

"புதுப் போதகர் எந்த ஊரு?"

அவர் யோசித்தார். பதில் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். போதகர் எல்லைக்கு அந்தப்புறம், டோகோக்காரர். பேசுவது அதே எவே மொழிதான். ஆனால் அந்தக் கரைக்காரர்கள் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்கள், சாயங்காலமானால் பிரெஞ்சுச் செய்தி பார்க்காமல் அவர்களுக்குச் சாப்பாடு இறங்காது. போதகருடைய டிஷ் அவர் நாட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"சரி, சரி, மணி மூணரை" என்றாள் அஃபிவா. "கிழக்கே திருப்புங்க. அது எப்பவும் டாவி யாவாவோட தென்னமரத்தைத்தான் பாத்துட்டிருக்கும். சாய்ஞ்ச தென்னை இல்ல, நேரா நிக்கறது. குலைக்குக் கொஞ்சம் மேல."

"உனக்கெப்படித் தெரியும்?"

"நாலு வருஷமா அதுக்குக் கீழதானே உக்காந்து மாவு சலிக்கறேன். காலையில ஒன்பதரைக்கு அது முகத்துல பட்டு வெயில் என் கண்ணைக் குத்தும். இடத்தை மாத்திப் போட்டுத் தாங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்."

"எப்ப சொன்னே?"

அஃபிவா தென்னையை நோக்கி விரலை நீட்டினாள்.

அவர் தென்னைக்கு நேராகத் திருப்பினார். குலைக்குக் கொஞ்சம் மேலே. இப்போது தாம்பாளம் இல்லை, குரல் வந்தது. "இன்னும், இன்னும். ஐயோ போயிடுச்சு. திரும்ப வாங்க. அவசரப்படாதீங்க, மேடையா இது? அப்படியே. கொஞ்சூண்டு மேல. நிறுத்துங்க! நிறுத்துங்க! மூச்சு விடாதீங்க!"

சேனல்கள் வந்தன. எவே மொழியில் மூட்டுவலித் தைலத்துக்கான விளம்பரம் முற்றம்வரை கேட்டது. அவர் கையை எடுத்தார். டிஷ் பொத்தென்று தலையைத் தொங்கப்போட்டது. உள்ளேயிருந்து அலறல் வந்தது.

கம்பத்தைக் கவ்வும் பிடி காற்றில் முறிந்து போயிருந்தது. மறுபடி தூக்கிப் பிடித்தார். படம் வந்தது. விட்டார், போனது.

"நான் பிடிச்சுக்கறேன்" என்றார். "நீ பாரு."

"எவ்வளவு நேரம் பிடிப்பீங்க?"

"முடியறவரைக்கும்."

நாலு மணிக்கு மேளச் சத்தத்தோடு நிகழ்ச்சி தொடங்கியது. கோட்லீப் அட்ஸு இரண்டு கையையும் உயர்த்தி, டிஷ்ஷின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, சரணடைந்தவன் மாதிரி நின்றார். வியர்வை மூக்கு நுனியில் வந்து நின்று சொட்டியது. ஓர் எறும்பு அவர் முழங்கையில் ஏறித் தோளை நோக்கி நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. அதைத் தட்டிவிட முடியாது.

"ஐயோ, என் அடுப்பு!" என்றாள் அஃபிவா உள்ளே. "என் அடுப்பைக் காட்டறான்! ஆடு குறுக்க போகுது பாருங்க, அதுக்கு என்ன திமிரு! யாய்ரா அப்பா, நான் வந்துட்டேன்! இவ்வளவு குண்டாவா இருக்கேன்?"

"காமிரா எல்லாரையும் பெருசாத்தான் காட்டும்." டிஷ்ஷின் விளிம்பை இறுக்கிப் பிடித்தார். கொஞ்ச நேரம் கழித்து, வரவேண்டியது வந்துதானே தீரும் என்று கேட்டேவிட்டார். "நான் பேச ஆரம்பிச்சுட்டேனா?"

"நீங்களா? நீங்க இல்லயே."

"இன்னும் வரலயா?"

"வரவே இல்ல. ஒரு முதுகு வந்துச்சு. கறுப்புக் கோட்டு போட்ட முதுகு. வீட்டுக்குள்ள போச்சு. அவ்வளவுதான்."

பதினொரு நிமிடத்தில் ஒரு வாக்கியம்கூடத் தேறவில்லை. கோட்லீப் அட்ஸுவுக்கு முதலில் சுருக்கென்றது; 'மண்ணின் ஈரப்பத'த்தையாவது வைத்திருக்கலாம். அடுத்த மூச்சில், இத்தனை நாள் நெஞ்சில் உட்கார்ந்திருந்த மூட்டை இறங்கியது. சிரிப்பு வந்தது. டிஷ் ஆடியது.

"ஆட்டாதீங்க!"

"அப்ப நீ பேசினியா? எப்ப பேசினே?"

"நீங்க வரைபடம் தேடப் போனப்ப. நீங்க ஒரு பொருளைத் தேடி எடுத்துட்டு வர்றதுக்குள்ள ஊர்க்கதையே சொல்லலாமே. சொல்லிட்டேன்."

அவருக்குப் புரியவில்லை. "பேசிட்டியே! பேசிட்டுத்தான் பத்தொன்பது நாள் எங்கூடப் பேசலயா?"

 அஃபிவாவின் குரல், ஜன்னலுக்கு அருகில், தணிந்து வந்தது.

"பத்தொன்பது நாள்ல ஒரு நாளாவது, 'அஃபிவா, அன்னிக்கு நீ என்ன சொல்ல வந்தே'ன்னு கேட்டீங்களா?"

எறும்பு அவர் தோளைத் தாண்டிக் கழுத்துக்கு வந்துவிட்டது. ஒரு நாளும் அவர் அப்படிக் கேட்டதில்லை. மன்னிப்புக்கூட ஒரு முன்னுரை, மூன்று தலைப்புகள் என்று மனதில் தயார் செய்து வைத்திருந்தார். இந்த ஒரு கேள்வி அவருக்குத் தோன்றவேயில்லை.

வாசல் கதவு திறந்தது. நீலத் துணியைத் தூக்கிச் செருகிக்கொண்டு அஃபிவா முற்றத்துக்கு வந்தாள்.

"இறங்குங்க. நான் பிடிக்கறேன். போய்ப் பாருங்க."

"நல்லாயிருக்கே! உன் நிகழ்ச்சி. பாதியில விட்டுட்டு..."

"நான் சொன்னது எனக்குத் தெரியாதா? உங்களுக்குத்தான் தெரியாது. சீக்கிரம், முடியப் போகுது."

உரல்மேல் இருவருக்கும் இடம் இல்லை. ஆனால் படம் போகாமல் கைமாற்ற வேறு வழியும் இல்லை. ஒரு கணம் இருவரும் அதன்மேல் ஒட்டி நின்றார்கள். அவள் கை அவர் கைக்கு மேல் வந்து விளிம்பைப் பற்றியது. அவர் கழுத்திலிருந்த எறும்பை அவள் ஊதித் தள்ளினாள். அவர் இறங்கி, வயதுக்குப் பொருந்தாத வேகத்தில் உள்ளே ஓடினார்.

திரையில் அஃபிவா புகைக்கு நடுவில் சட்டியைச் சுரைக்குடுக்கைச் சில்லால் கிளறிக்கொண்டிருந்தாள்.

"ஈரம் இருக்கறவரைக்கும் முணுமுணுக்கும்" என்றாள் அந்தப் பெண்ணிடம். "ஈரம் போனதும் மணல் மாதிரி சலசலன்னு பேசும். அப்ப இறக்கிடணும். கண்ணை நம்பினா ஏமாந்துடுவே, பொண்ணே. காதுதான்."

"உங்க வீட்டுக்காரர் நல்லாப் பேசறாரே" என்றாள் அந்தப் பெண், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

திரையிலிருந்த அஃபிவா வீட்டு வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"அவரா? விடிஞ்சதுலேர்ந்து பொழுது சாயறவரைக்கும் இந்தப் புகையில உக்காந்து கிளறணும். பக்கத்துல ஒருத்தர் பேசிட்டே இருந்தா கைவலி தெரியாது. என்ன பேசறார்னு பாதி நேரம் நான் கேக்கறதில்ல, அது வேற. ஆனா நிறுத்திட்டார்னு வெச்சுக்கோ, அன்னிக்குக் காரி கருகிடும்."

அந்தப் பெண் சிரித்தாள். காமிரா புகையோடு மேலே போய், மலையைக் காட்டியது. பெயர்கள் ஓடின. அதன்பின் கால்பந்தாட்டம் வந்தது.

கோட்லீப் அட்ஸு நாற்காலியின் விளிம்பில் அப்படியே உட்கார்ந்திருந்தார். இந்தப் பத்தொன்பது நாளும் வறுத்த காரி எப்படி இருந்தது என்று அவருக்குத் தெரியாது. அதையும் கேட்கவில்லை.

"என்ன வருது?" என்று வெளியிலிருந்து குரல் வந்தது. "யாய்ரா அப்பா! முடிஞ்சிடுச்சா? கை மரத்துப்போச்சு!"

அவர் எழுந்து முற்றத்துக்குப் போனார். உரலில் ஏறி, அவள் கையிலிருந்து டிஷ்ஷை வாங்கிக்கொண்டார்.

"இன்னும் முடியல" என்றார்.

"பின்ன ஏன் வந்தீங்க?"

"நான் பாதிதான் பாத்தேன். முதல் பாதியில நீ என்ன சொன்னே? நான் வரைபடத்துக்கு உள்ள போனதுமே?"

அவள் கைகளை உதறிக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கேலியா என்று தேடினாள். இல்லை. மாவு சலிக்கும் முக்காலியை இழுத்துப்போட்டு, நீலத் துணியை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"முதல்ல எங்க அம்மாவைப் பத்திக் கேட்டா" என்று ஆரம்பித்தாள்.

உள்ளே யாரோ ஒரு கோல் போட்டார்கள். ஆளில்லாத கூடத்தில் கூட்டம் ஆர்ப்பரித்தது. கோட்லீப் அட்ஸு டிஷ்ஷைத் தென்னைக்கு நேராக, ஆடாமல், பிடித்துக்கொண்டு நின்றார். ஒருமுறை வாயைத் திறந்தார்.

"என்ன?" என்றாள் அஃபிவா.

"ஒண்ணுமில்ல. சொல்லு."

சொன்னாள். டிஷ்ஷை இனி விட்டுவிடலாம் என்று இருவருக்குமே தோன்றவில்லை.